தொண்டைமானாற்றூர் துஞ்சின உடையார்

கி.பி. 871 இரண்டு அரசர்களுக்குரிய ஆண்டு. அவ்வாண்டின் ஏப்ரல் திங்களில், இங்கிலாந்தின் தென்பகுதியில் இருந்த வெசக்ஸ் நாட்டில், தமையன் ஏதல்ரெட் இறந்தபின் ஆல்ஃபிரட் அரசனானான். ஏறத்தாழ அதே வேளையில் தஞ்சையில் விசயாலயன் மகன் முதலாம் ஆதித்தன் ஆட்சிக்கு வந்தான். ஆல்ஃபிரடின் ஆண்டை அவன் நாட்டு ஆண்டுக்குறிப்பேடு நேராகவே சொல்லிவிடுகிறது. ஆதித்தனின் ஆண்டையோ நாம் கணக்கிட்டுப் பெறவேண்டியிருக்கிறது. தக்கோலத்துக் கல்வெட்டொன்று அவனது 24-ஆம் ஆட்சியாண்டில் நிகழ்ந்த சூரிய கிரகணத்தைக் குறிக்கப்போய், அக்கிரகணத்தைப் பற்றுக்கோடாகக் கொண்டு அறிஞர்கள் பின்னோக்கி எண்ணி 871-ஐ நிறுவினர். ஆல்ஃபிரட் 899-இல் இறந்தான். ஆதித்தன் 907-இல் இறந்தான். இருவரும் சிறிய நாட்டைப் பெற்றுப் பெரிய நாட்டின் அடித்தளத்தை விட்டுச் சென்றவர்கள். இருவரின் உடலும் மண்ணுக்குள் சென்றபின் நேர்ந்தவை மட்டும் வெவ்வேறு.

பள்ளிப்படைக் கோயில்களை ஆய்வுப் பொருளாகக் கொண்ட நாள்முதல் இவ்வொப்பீடு என்னோடு வருகிறது. திருப்பதியில் நடந்த ஒரு கருத்தரங்கில் கட்டுரை படித்து முடித்ததும், தெலுங்கு வழியில் வரலாறு பயிலும் முதுகலை மாணவர் ஒருவர் எழுந்து, “தஞ்சாவூர் ராஜாவுக்குக் காளஹஸ்தியில் என்ன சார் வேலை?” என்று கேட்டார். அவையில் சிரிப்பு எழுந்தது. எனக்கு அக்கேள்வி மிகவும் பிடித்திருந்தது. அங்கே இரண்டு நிமிடங்களில் சொன்ன விடையை இங்குச் சற்று விரித்து எழுதுகிறேன்.

காளத்திக்கு அருகே தொண்டமனாடு என்று ஓர் ஊர் இருக்கிறது. கல்வெட்டுகளின் தொண்டைமானாற்றூர் அதுவே. பொன்முகலி என்று நம் புராணங்கள் போற்றும் சுவர்ணமுகி ஆறு அவ்வட்டாரத்தை நனைத்தே காளத்திக்குச் செல்கிறது. ஆற்றூர் என்னும் பெயருக்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. ஆதித்தன் இறந்தது இங்கே. அவன் உடலெச்சத்தின்மீது மகன் முதலாம் பராந்தகன் சிவன் கோயில் எடுத்தான். அக்கோயிலுக்கு ஆதித்தேசுவரம் என்றும் கோதண்டராமேசுவரம் என்றும் இரண்டு பெயர்கள். பராந்தகனின் 34-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, விழா நாட்களில் அங்கே அன்னம் இடுவதற்கான ஏற்பாட்டைச் சொல்கிறது. தந்தை இறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தபின்னும் அவ்விடத்தில் இலை போடப்படுவதை மகன் உறுதிசெய்திருக்கிறான். சோழர் வரலாற்றில் அரசர்களின் இறுதி இடம் குறித்து எத்தனையோ கதைகள் உலவுகின்றன. உடையாளூரில் முதலாம் இராசராசனின் சமாதி உள்ளதா என்ற வினா நீதிமன்றம் வரை சென்று, 2019-இல் ஆய்வுக்கு ஆணையிடப்பட்டது. ஐயத்துக்கு இடமின்றிக் கல்லிலேயே எழுதப்பட்ட ஆதித்தனின் பள்ளிப்படைக்கோ திருப்பதியிலிருந்து பேருந்து ஏறிப் போய்வருவோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர்.

கோதண்டராமன் என்றதும் திருப்பதிவாசிகளுக்கு நகரின் நடுவே உள்ள இராமர் கோயில்தான் நினைவுக்கு வரும். இங்கே அது ஆதித்தனின் விருதுப் பெயர்.

“துஞ்சின” என்ற சொல்லில் சற்று நிற்க விரும்புகிறேன். இறந்த அரசனை அவன் இறந்த இடத்தால் அழைப்பது தமிழில் மிகப் பழைய வழக்கம். குராப்பள்ளித் துஞ்சிய பெருந்திருமாவளவன், குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என்று புறநானூற்றின் அடிக்குறிப்புகள் வரிசையாகச் சொல்கின்றன. ஒரே பெயர் பலருக்கு இருந்த காலத்தில் அடையாளம் பிரிக்க அது உதவியிருக்கலாம். ஆனால் ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னும், இராசகேசரி, பரகேசரி என்று மாறி மாறிப் பட்டம் சூடிய சோழரிடையே அவ்வழக்கம் அப்படியே உயிரோடு இருக்கிறது. ஆதித்தன் தொண்டைமானாற்றூர் துஞ்சின உடையார். அவன் பேரன் அரிஞ்சயன் ஆற்றூர்த் துஞ்சின தேவர். அரிஞ்சயன் மகன் சுந்தரசோழன் பொன்மாளிகைத் துஞ்சின தேவர். அரிஞ்சயனின் தமையன் இராசாதித்தனுக்கு ஊரும் இல்லை, மாளிகையும் இல்லை. அவன் ஆனைமேல் துஞ்சினவன். சங்கப் பாட்டையும் சோழர் கல்வெட்டையும் வேறுவேறு துறையினர் வேறுவேறு கட்டடங்களில் படிப்பதால், ஒரு சொல் இத்தனை காலம் நடந்து வந்திருப்பதை நாம் எளிதில் கவனிப்பதில்லை. பிறந்த ஊரைக் கேட்டு ஒருவனை அறிவது இன்றைய நடைமுறை. இறந்த ஊரைச் சொல்லி அறிந்தது அவர்கள் நடைமுறை. இறப்பைத் துயில் என்று சொல்வதிலுள்ள நாகரிகத்தையும் பாருங்கள்.

இனி அம்மாணவரின் கேள்விக்கு வருவோம். ஆதித்தன் காளத்தியில் இறந்ததற்குரிய வழி காவிரிக்கரையில் தொடங்குகிறது. கி.பி. 880-ஐ ஒட்டிக் குடந்தைக்கு அருகே திருப்புறம்பியத்தில் பெரும்போர் நிகழ்ந்தது. ஒருபுறம் பாண்டியன் இரண்டாம் வரகுணன். மறுபுறம் பல்லவன் அபராசிதனும் கங்கன் முதலாம் பிருதிவீபதியும். பாண்டியன் தோற்றான், வென்ற தரப்பின் பிருதிவீபதி களத்தில் உயிர்விட்டான். கல்கியின் நாவலைப் படித்தவர்களுக்கு இவையெல்லாம் மனப்பாடம். இருவர் தோளில் ஏறி முதிய விசயாலயன் போர்க்களம் புகுந்த காட்சியையும், திருப்புறம்பியத்துப் பள்ளிப்படையில் நள்ளிரவில் கூடும் சதிகாரர்களையும் யார் மறப்பார்? பள்ளிப்படை என்ற சொல்லையே நம்மில் பெரும்பாலோர் கற்றுக்கொண்டது அந்நாவலிலிருந்துதான்.

இப்போரைக் குறிக்கும் உதயேந்திரம் செப்பேடு அபராசிதனைச் சொல்கிறது, வரகுணனைச் சொல்கிறது, பிருதிவீபதியின் தியாகத்தைப் புகழ்கிறது. ஆதித்தனின் பெயரைச் சொல்லவில்லை. அவன் பல்லவன் பக்கம் நின்று போரிட்டான் என்பதும், அதற்குப் பரிசாகச் சில ஊர்களைப் பெற்றான் என்பதும் முன்பின் நிகழ்வுகளைக் கோத்து அறிஞர்கள் கண்ட முடிவு. நல்ல முடிவுதான். நீலகண்ட சாத்திரியாரும் சதாசிவ பண்டாரத்தாரும் அம்முடிவுக்குக் காரணம் காட்டியிருக்கிறார்கள். எனினும் வகுப்பறையில் இதைச் சொல்லும்போது, எது செப்பேடு சொன்னது, எது நாம் சேர்த்தது என்று பிரித்துச் சொல்லிவிடுவது நல்லது.

அடுத்து நடந்ததற்குச் சான்று வலுவானது. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் ஆதித்தன் தொண்டைநாட்டின்மீது படையெடுத்தான். யானைமேல் வீற்றிருந்த பல்லவன்மீது பாய்ந்து அவனைக் கொன்றான் என்கிறது வீரராசேந்திரனின் கன்னியாகுமரிக் கல்வெட்டு. திருவாலங்காட்டுச் செப்பேடும் அபராசிதனை வென்று அவன் நாட்டைக் கவர்ந்ததைக் கூறுகிறது. தில்லைத்தானத்துக் கல்வெட்டு அவனைத் தொண்டைநாடு பாவின சோழன் என்கிறது. ‘பாவின’ என்ற வினை எனக்கு வியப்பளிப்பது. பாவுதல் என்றால் பரவுதல். நாற்றுப் பாவுதல், கல் பாவுதல் என்றெல்லாம் இன்றும் சொல்கிறோம். வென்றான், கொண்டான் என்று எழுதப் பழகிய கை இங்கே, ஒரு நாட்டின்மேல் விரிந்து படர்ந்ததாக எழுதியிருக்கிறது.

தொண்டைநாட்டின் வட எல்லை வேங்கடம். அந்நாட்டை எடுத்தவன் அதன் எல்லையையும் எடுத்தாக வேண்டும். அன்றைய காளத்தி வட்டாரம் வெறும் திருத்தலமாக மட்டும் இருக்கவில்லை. வாணரும் வைதும்பரும் அணிவகுத்த எல்லைப்புறத்தின் வாயில் அது. பராந்தகன் பின்னர் வாணர் இருவரை வேரோடு பெயர்த்ததையும் வைதும்பரை வென்றதையும் பார்த்தால், தந்தையின் கடைசிக் காலக் கவலை எத்திசையில் இருந்திருக்கும் என்பது விளங்கும். வாணரிடமிருந்து பறித்த நாட்டைப் பராந்தகன் யாருக்குக் கொடுத்தான் தெரியுமா? திருப்புறம்பியத்தில் இறந்த கங்கனின் பேரன் இரண்டாம் பிருதிவீபதிக்கு, செம்பியன் மாவலிவாணராயன் என்ற பட்டத்தோடு. ஆக, தஞ்சாவூர் ராஜாவுக்குக் காளத்தியில் வேலை இருந்தது. அன்றைய ஆள்புலத்தில் காளத்தி, இன்றைய மாநில எல்லை நமக்குக் காட்டும் தொலைவில் இருக்கவில்லை.

விடை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் கொல்லப்பட்டவனைப் பற்றிச் சொல்லாமல் நகர எனக்கு மனம் வருவதில்லை. திருத்தணியில் வீரட்டானேசுவரர் கோயில் இருக்கிறது. அபராசிதன் காலத்தில் நம்பி அப்பி என்பவன் கட்டியது. கோயிலைக் கட்டியவனைப் போற்றி ஒரு வெண்பா அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. அவ்வெண்பாவைப் பாடியவர் அரசரே என்றும் கல்வெட்டு சேர்த்துச் சொல்கிறது. பல்லவரில் வடமொழியில் எழுதிய மகேந்திரனை எல்லோரும் அறிவோம். தமிழில் பாடிய இக்கடைசிப் பல்லவனை மாணவர்கள் அறிவதில்லை. தனக்கு மேலான அரசனைப் பாடுவது புலவர் மரபு. தன் நாட்டில் கோயில் எடுத்த ஒரு குடிமகனை அரசனே பாடியது அரிய நிகழ்வு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட ஆதித்தனின் குரலில் நம்மிடம் ஒரு வரியும் இல்லை. வென்றவனின் பெருமையை அவன் வழித்தோன்றல்கள் சொன்னார்கள். தோற்றவனின் குரல் அவனுடையதாகவே கல்லில் நிற்கிறது.

இவ்விடத்தில் ஆல்ஃபிரடை நினைப்பது பயன் தரும். 878-இல் டேனியர் படை திடீரெனப் புகுந்தபோது அவன் அதெல்னி சதுப்பு நிலத்தில் ஒளிந்திருந்தான். சில மாதங்களில் எடிங்டனில் வென்று, தோற்ற குத்ரும் கிறித்தவனாக முழுக்குப் பெறும்போது அவனுக்கு ஞானத்தந்தையாகவும் நின்றான். எதிரியைக் கொல்லாமல் உறவாக்கிய அரசன் என்று அவனைப் புகழ்வதுண்டு. அரண் சூழ்ந்த ஊர்களின் வரிசையை அமைத்தான். இலத்தீன் நூல்களைத் தன் மக்கள் மொழிக்குப் பெயர்ப்பதைத் தானே முன்னின்று செய்தான். இவற்றையெல்லாம் எழுதிவைக்க அசர் என்ற துறவி உடனிருந்தார். 893-இல், அரசன் உயிரோடு இருக்கும்போதே, வாழ்க்கை வரலாறு எழுதப்பட்டது. அரசன் சோறு போடுகையில் எழுதப்பட்ட வரலாறு அரசனைக் குறைத்துச் சொல்லாது என்பதை அவ்வூர் அறிஞர்களும் அறிவர். ஆயினும் ஆல்ஃபிரட் நோயுற்றான், படிக்க ஏங்கினான், அஞ்சினான் என்று ஒரு மனிதனாக நமக்குத் தெரியவருகிறான். நம் ஆதித்தன் யானைமீது பாய்ந்த ஒரு கணமாகவும், காவிரியின் இரு கரையிலும் மலைமுதல் கடல்வரை எடுத்த கற்றளிகளின் வரிசையாகவும் மட்டுமே தெரிகிறான். அன்பில் செப்பேடு அக்கற்றளிகளைச் சொல்கிறது. கொங்குப் பொன்னால் தில்லைச் சிற்றம்பலத்தை வேய்ந்ததாக நம்பியாண்டார் நம்பி போற்றுகிறார். மனிதனைக் காணோம்.

ஒருவேளை அவன் மனிதனாகத் தெரியும் ஒரே இடம் தொண்டைமானாற்றூர்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தஞ்சைக்கு எடுத்துச் செல்லாமல் இறந்த இடத்திலேயே அவனை வைத்தார்கள். தான் பாவிய நாட்டின் வட ஓரத்தில், காளத்திநாதனுக்கு அருகில். கண்ணப்பர் கதை கேட்டு வளர்ந்த சித்தூர்க்காரனுக்கு அது குறைவான இடமாகப் படாது.

அவன் எடுத்த நாடு அவன் பேரனுக்கு நிலைக்கவில்லை. 949-இல் தக்கோலத்தில், கிரகணக் கல்வெட்டு இருக்கும் அதே தக்கோலத்தில், இராட்டிரகூடன் மூன்றாம் கிருட்டிணனோடு நடந்த போரில் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே கொல்லப்பட்டான். யானைமேலிருந்த பல்லவனைக் கொன்று பெற்ற நாட்டை, யானைமேலிருந்த பேரனைக் கொடுத்துச் சோழர் இழந்தனர். ஒரு நாவலாசிரியன் இப்படி எழுதினால் செயற்கை என்று சொல்லியிருப்போம். அவ்வெற்றியைக் குறிக்கும் கன்னடக் கல்வெட்டு கருநாடகத்து ஆதகூரில் கிடைத்தது. அது காட்டுப்பன்றியோடு பொருது மாண்ட காளி என்னும் வேட்டை நாய்க்கு எடுத்த நடுகல். சோழ இளவரசனின் சாவு, ஒரு நாயின் நினைவுக்கல்லில் இடையில் வரும் செய்தி. கிருட்டிணன் 959-இல் கர்காடு செப்பேட்டை வழங்கியபோது பாசறை கொண்டிருந்த இடம் மேல்பாடி. சித்தூரின் நீவா ஆறு எல்லை தாண்டிப் பொன்னையாறு என்று பெயர் மாறி ஓடும் கரையில் உள்ள ஊர் அது. பின்னாளில் அதே மேல்பாடியில் முதலாம் இராசராசன், தன் பாட்டன் அரிஞ்சயனுக்குப் பள்ளிப்படை எடுத்தான். பகைவன் பாசறை இட்ட மண்ணில் பாட்டனுக்குக் கோயில். இராசராசன் அதை எண்ணியே செய்தான் என்று நிறுவச் சான்று இல்லை. எண்ணாமல் செய்திருப்பான் என்று நம்பவும் முடியவில்லை.

பல்லவக் குடியும் முற்றாக மறைந்துவிடவில்லை. 966-இல் திருமலையில் வெள்ளியாலான போக சீனிவாசர் திருமேனியை எழுந்தருளுவித்த சாமவை பல்லவக் குலத்தவள். காடவன் பெருந்தேவி என்றும் பெயர். அபராசிதன் வீழ்ந்து அறுபது எழுபது ஆண்டுகளுக்குப் பின் அவன் குலப் பெண்ணின் கொடைக் கல்வெட்டு இன்றும் நாம் அன்றாடம் கடந்துபோகும் மலையில் இருக்கிறது.

தொண்டமனாட்டுக்கு நான் மூன்றுமுறை சென்றிருக்கிறேன். அங்கே பெரியவர் ஒருவரிடம் இக்கோயிலைக் கட்டியது யார் என்று தெலுங்கில் கேட்டேன். “தொண்டமான் சக்கரவர்த்தி, நாயனா. வேங்கடேசுவர சாமிக்குக் கோயில் கட்டினவர்” என்றார். வேங்கடாசல மாகாத்மியத்தில் வரும் ஆகாசராசனின் தம்பி தொண்டமான் இவ்வூரில் ஆண்டதாக நம்பிக்கை. ஊரில் பெருமாள் கோயிலும் இருக்கிறது. ஆதித்தன் என்ற பெயரைச் சொன்னேன். அவர் கேள்விப்பட்டதில்லை. ஆனால் நான் சொன்னதை முழுதும் கேட்டுவிட்டு, “அப்படியானால் அவரும் இங்கே படுத்துத் தூங்குகிறார்” என்றார். கல்வெட்டில் துஞ்சின என்றிருப்பதை நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

மக்கள் மறந்துவிட்டார்கள் என்று வருந்துவது ஆய்வாளர்களுக்கு எளிது. ஆல்ஃபிரடுக்கு என்ன நேர்ந்தது? வின்செசுட்டர் நகரில் புதைத்த உடலை மகன் எட்வர்டு கட்டிய புதிய மடத்துக்கு மாற்றினார்கள். 1110-இல் துறவியர் ஊருக்கு வெளியே ஹைட் மடத்துக்குப் பெயர்ந்தபோது எலும்புகளும் பெயர்ந்தன. 1538-இல் மடம் கலைக்கப்பட்டது. 1788-இல் அந்நிலத்தில் சிறைச்சாலை கட்டத் தோண்டியபோது எஞ்சியதும் சிதறியது. 901-இல் இறந்தான் என்று அன்று கணித்திருந்தபடியால் 1901-இல் ஆயிரமாண்டு விழா எடுத்துப் பெருஞ்சிலை நாட்டினார்கள். ஆண்டும் பிழை, உடலும் இல்லை. 2014-இல், ஹைட் மடத்து அகழாய்வில் முன்பு கிடைத்த இடுப்பெலும்புத் துண்டு ஒன்று 895-க்கும் 1017-க்கும் இடைப்பட்ட காலத்தது, அவனுடையதாகவோ அவன் மகனுடையதாகவோ இருக்கலாம் என்று அறிவித்தார்கள். அங்கே புகழ் இருக்கிறது, நூல் இருக்கிறது, சிலை இருக்கிறது, இடம் போய்விட்டது. இங்கே இடம் இருக்கிறது. அதைச் சொல்லும் கல்லும் இருக்கிறது.

அக்கல்லைப் படிப்பார் யார் என்பதுதான் என் கவலை. 1911-இல் வடார்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பகுதிகளைப் பிரித்துச் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1960-இல் திருத்தணி தமிழகம் சென்றது. அதனால் அபராசிதனின் வெண்பாவும் திருவாலங்காடும் எல்லைக்கு அப்பால் போயின, ஆதித்தனின் பள்ளிப்படை இப்பால் நின்றது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமானது. காளத்தி அதனுள் சென்றது. ஒவ்வொரு கோடும் ஆட்சி வசதிக்காகப் போடப்பட்டது, குறைசொல்ல ஏதுமில்லை. ஆனால் ஒவ்வொரு கோட்டுக்குப் பின்னும் இப்பக்கத்துக் கல்லைப் படிக்கக்கூடிய பிள்ளைகள் குறைகிறார்கள். என் வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. தமிழெழுத்தை எனக்குக் கற்பித்தவர் பாட்டி. பாடநூல் அன்று, பழைய பஞ்சாங்கம். என்னைப்போல் இரு மொழியும் வாய்த்தவர்கள் சித்தூரில் இன்னும் பல்லாயிரவர் உண்டு. அவர்களின் பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள், படிப்பதில்லை. தமிழகத்து ஆய்வு நண்பர்களோ களப்பணிப் பட்டியலைத் திருத்தணியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தெலுங்குத் துறை நண்பர்கள், “அது உங்கள் கல்வெட்டு” என்று மரியாதையாக விலகிக்கொள்கிறார்கள். அந்த மரியாதை எனக்கு வேண்டாம். காளத்தி மண்ணில் கிடக்கும் கல் காளத்திக்காரர்களுடையது; அதன் எழுத்து தமிழ், அவ்வளவுதான்.

கேள்வி கேட்ட மாணவர் இப்போது கிழமைக்கு இருமுறை என்னிடம் வருகிறார். உயிரெழுத்து, மெய்யெழுத்து முடிந்து, சோழர்காலத் தமிழெழுத்தில் ககரத்தையும் சகரத்தையும் பிரித்தறியும் கட்டத்தில் இருக்கிறார். கிரந்த எழுத்துகள் அவருக்கு என்னைவிட விரைவில் பிடிபடுகின்றன, வடமொழி படித்திருக்கிறார். தை பிறந்ததும் மேல்பாடிக்கும் திருத்தணிக்கும் நான்கைந்து பேராகச் செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். சித்தூரிலிருந்து பொன்னை வழியாகப் பேருந்து. மைப்படி எடுக்க உரிய அனுமதி இல்லாததால் பார்த்துப் படிப்பது மட்டுமே. வர விரும்பும் மாணவர்கள் உட்பெட்டியில் எழுதலாம். தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.